மூலத்தின் மேல் ஒரு மெல்லிய தாள்



தீபாவளி விடுமுறைக்கு என் தங்கை மகன் வந்திருந்தான். இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வந்த மறுநாள் இரவு பதினொரு மணி தாண்டியிருக்கும். நான் இதழின் கடைசிப் படிவத்துக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த வாள் சத்தமும் குதிரைக் குளம்படியும் நின்றுபோயின. அரை மணி நேரமாகியும் அரவமில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், லேப்டாப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"என்னடா, தூங்கலையா?"

"கேம் போச்சு பெரியம்மா. லோகோ வருது, உடனே மூடிக்குது. நூத்தி நாப்பது மணி நேரம் ஆடின கேம்."

"அப்படி என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை. ஒரு மோட் போட்டிருந்தேன். பிடிக்கலை, எடுத்துட்டேன். அவ்வளவுதான்."

அவன் முகத்தைப் பார்த்த பிறகு 'சரி, போய்ப் படு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூற்று நாற்பது மணி நேரம் ஒருவன் ஓர் உலகத்துக்குள் நடந்திருக்கிறான். அது கைவிட்டுப் போனால் வலிக்கத்தான் செய்யும். புரூஃபை மூடி வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கும் அடுத்த இரண்டு இரவுகளிலும் அவனோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இம்முறை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். வீட்டில் கணினி விளையாட்டு ஆடும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மோட் என்பது மாடிஃபிகேஷன் என்பதன் சுருக்கம். ஆங்கில உச்சரிப்புக்கு 'மாட்' என்பதுதான் நெருக்கம். ஆனால் வேற்றுமை உருபு சேர்ந்ததும் 'மாட்டை' என்றாகித் தொழுவத்து மாட்டோடு குழம்பிவிடும். அதனால் மோட் என்றே எழுதுகிறேன். விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் அல்லாமல், அதை ஆடுகிறவர்களே செய்து சேர்க்கும் மாற்றங்களுக்கு இந்தப் பெயர். ஒரு மரத்தின் இலையைப் பச்சையாக்குவதும் மோட்தான், விளையாட்டுக்குள் ஒரு புதிய நாட்டையே கட்டிச் சேர்ப்பதும் மோட்தான்.

அவன் ஆடுவது ஸ்கைரிம். அமெரிக்காவின் பெதஸ்டா கேம் ஸ்டுடியோஸ் உருவாக்கி 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த விளையாட்டு. பனிமலைகள், டிராகன்கள், சத்திரங்கள், கொல்லர் பட்டறைகள் என்று விரிந்து கிடக்கும் ஒரு வடபுலத்து நாடு. எங்கே போவது, யாருக்கு உதவுவது என்பதெல்லாம் ஆடுகிறவர் விருப்பம். அவன் கையில் இருப்பது 2016 அக்டோபரில் வந்த ஸ்பெஷல் எடிஷன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒரு விளையாட்டைப் புதியவர்கள் வாங்கி ஆடுகிறார்கள் என்றால் அதற்குப் பெரிய காரணம் இந்த மோட்கள்தான். 2012 பிப்ரவரியில் நிறுவனமே கிரியேஷன் கிட் என்ற கருவியை இலவசமாகக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாக உட்கார்ந்து இந்த நாட்டைச் செப்பனிட்டும் விரித்தும் வருகிறார்கள். பெரும்பாலும் காசு வாங்காமல்.

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே ஆடித் தீர்த்த கவுன்டர் ஸ்ட்ரைக், 1999-ல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் ஹாஃப் லைஃப் விளையாட்டுக்குச் செய்த மோட்தான். பிறகுதான் வால்வ் நிறுவனம் அதை வாங்கித் தனி விளையாட்டாக விற்றது. ஸ்கைரிமிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராக இருந்த நிக் பியர்ஸ் 2015-ல் 'தி ஃபர்காட்டன் சிட்டி' என்ற மோட் ஒன்றை வெளியிட்டார். பூமிக்கடியில் ஒரு நகரம், அங்கே ஒருவர் தவறு செய்தாலும் எல்லோரும் அழிவார்கள் என்பது கதை. அதன் எழுத்துக்கு ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. அவர் வேலையை விட்டுவிட்டு அதையே தனி விளையாட்டாக வளர்த்து 2021-ல் கொண்டுவந்தார். எழுத்தை நம்பிப் பிழைக்கும் எனக்கு இந்தக் கதையைக் கேட்டபோது நெஞ்சு நிறைந்துபோனது.

சரி, தங்கை மகன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்கைரிம் இருக்கும் ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்று இன்னொரு ஃபோல்டர் உண்டு. மோட்டின் ஃபைல்கள் அதற்குள் போனால் விளையாட்டு அவற்றை எடுத்துக்கொள்ளும். இவன் செய்தது எல்லோரும் முதலில் செய்வதைத்தான். ஒவ்வொரு மோட்டாக டவுன்லோடு செய்து, ஜிப்பைப் பிரித்து, நேராக டேட்டாவுக்குள் கொட்டியிருக்கிறான். நாற்பது மோட்கள். "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றி எழுதட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கும் போதெல்லாம் 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறான். நாற்பது வீட்டுத் துணியை ஒரே தொட்டியில் போட்டு ஊறவைத்தது போலாகிவிட்டது. எந்தச் சட்டை யாருடையது என்று இனி யார் சொல்வது?

அன்று இரவு ரிவர்வுட் என்ற சிற்றூரின் ஆற்றங்கரையில் வீடு கட்டித் தரும் மோட் ஒன்றை எடுக்க நினைத்திருக்கிறான். வீட்டின் பெயர் எந்தெந்த ஃபைலில் இருக்கிறதோ அதையெல்லாம் தேடி அழித்திருக்கிறான். அதில் இரண்டு தவறுகள் நடந்துவிட்டன.

ஒன்று, அழித்த ஃபைல்களில் சில வேறு மோட்களுடையவை. வீட்டு மோட் கொண்டுவந்த மரப்பலகைப் படத்தின் மேல் இன்னொரு மோட் தன் படத்தை எழுதியிருந்தது. அதை அழித்ததும் இரண்டும் போயின. முன்பு 'ஆம்' என்று அழுத்திய அந்த நொடியிலேயே பழையது மறைந்துவிட்டது. மேலே இருந்ததை அழித்தால் கீழே இருந்தது திரும்பி வராது, ஏனென்றால் கீழே எதுவுமே இல்லை.

இரண்டாவதுதான் விளையாட்டைச் சாய்த்தது. அந்த வீட்டையும் ஊரில் மரங்களை அடர்த்தியாக்கும் இன்னொரு மோட்டையும் ஒன்றோடொன்று பொருத்துவதற்கென்று பேட்ச் எனப்படும் ஒரு சிறு ஒட்டு ஃபைல் போட்டிருந்தான். அது வீட்டின் ஃபைலைத் தன் 'மாஸ்டர்', அதாவது தான் நம்பியிருக்கும் ஃபைல் என்று குறித்து வைத்திருந்தது. மாஸ்டர் இல்லாத ஃபைலைக் கண்டதும் ஸ்கைரிம் ஒரு விளக்கமும் சொல்லாமல் மூடிக்கொள்ளும். லோகோ வந்து மறைந்ததற்குக் காரணம் இதுதான். இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு முதல் இரவு போய்விட்டது.

அப்போது எனக்கு எங்கள் பழைய லேஅவுட் மேஜை நினைவுக்கு வந்தது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் பக்கங்களைக் கணினியில் அமைக்கவில்லை. அச்சான பத்திகளை வெட்டி அட்டையில் ஒட்டுவார்கள். படம், தலைப்பு, கோடு எல்லாம் கையால் ஒட்டியது. அந்த அட்டையின் மேல் ஒரு ட்ரேசிங் பேப்பரை விரித்து, மேல்விளிம்பில் மட்டும் டேப் ஒட்டி, அதை என் மேஜைக்கு அனுப்புவார் எங்கள் லேஅவுட் ஆர்ட்டிஸ்ட். திருத்தம் எதுவானாலும் அந்த மெல்லிய தாளில்தான் எழுத வேண்டும். அட்டையைத் தொட்டால் கோபம் வந்துவிடும் அவருக்கு. "மேடம், தாளைத் தூக்கினா அடியில இருக்கிறது அப்படியே இருக்கணும்" என்பார். திருத்தம் வேண்டாமென்று முடிவானால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு விரித்துக்கொள்ளலாம். அட்டையில் கீறல் இருக்காது.

மோட்களைப் போடவும் எடுக்கவும் உதவும் மோட் மேனேஜர் என்ற கருவி செய்வது இந்த ட்ரேசிங் பேப்பர் வேலைதான். அது என் மனதில் பட்டதும் மற்றதெல்லாம் எளிதாகிவிட்டது.

மறுநாள் இரவு புதிதாகத் தொடங்கினோம். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் செயலியில் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அது காணாமல் போன மூல ஃபைல்களைக் கொண்டுவந்து சேர்க்குமே தவிர, நாம் கூடுதலாகக் கொட்டியதை அள்ளி வெளியே போடாது. அதனால் விளையாட்டை அன்இன்ஸ்டால் செய்து, மிச்சமிருந்த ஃபோல்டரையும் கையால் அழித்துவிட்டு, மறுபடி இன்ஸ்டால் செய்தோம். ஆட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சேமித்து வைக்கும் சேவ் ஃபைல்கள் டாக்குமென்ட்ஸுக்குள் 'மை கேம்ஸ்' ஃபோல்டரில் தனியாக இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் முதல் வேலையாக அவற்றைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தோம். இம்முறை விளையாட்டை சி டிரைவின் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் போடவில்லை. விண்டோஸ் அந்த ஃபோல்டருக்குக் கூடுதல் காவல் போட்டிருக்கிறது, மோட் கருவிகள் அங்கே எழுதப் போனால் சிக்கல் வரும். வேறு ஃபோல்டர் ஒன்று செய்து அதில் வைத்தோம்.

பிறகு மோட் ஆர்கனைசர் 2. இது இலவசம், சுமாரான கணினியிலும் ஓடும். ஒவ்வொரு மோட்டையும் அதற்கென்று ஒரு தனி ஃபோல்டரில் பிரித்து வைக்கிறது. டேட்டா ஃபோல்டரின் பக்கமே போவதில்லை. விளையாட்டைத் தொடங்கும் நேரத்தில் மட்டும், இந்தத் தனித்தனி ஃபோல்டர்களில் உள்ளவை எல்லாம் டேட்டாவுக்குள் இருப்பது போல விளையாட்டுக்குக் காட்டுகிறது. விளையாட்டை மூடினால் அந்தத் தோற்றமும் போய்விடும். டேட்டாவைத் திறந்து பார்த்தால் நிறுவனம் கொடுத்தது மட்டுமே இருக்கும். ஒரு மோட் வேண்டாமென்றால் பெயருக்கு முன்னால் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதும், எந்த ஃபைலையும் தேடி அழிக்க வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளையாட்டை மோட் ஆர்கனைசருக்குள்ளிருந்துதான் தொடங்க வேண்டும். இவன் பழக்கதோஷத்தில் டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானை அழுத்தி, புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கிவிட்டான். ஒரு மோட்டும் இல்லை. ரிவர்வுட் அப்படியே பழைய ரிவர்வுட்டாக, மரங்கள் சற்று மெலிந்து, ஆற்றங்கரை வெறிச்சென்று நின்றது. பையன் பதறிப்போய்விட்டான். எனக்கோ அதைப் பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது. தாளைத் தூக்கினால் அடியில் அட்டை பத்திரமாக இருக்கிறது, பார்த்தாயா என்றேன்.

வோர்டெக்ஸ் என்று இன்னொரு மேனேஜரும் உண்டு. மோட்களைப் பகிரும் நெக்ஸஸ் மோட்ஸ் தளத்தாருடையது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பழக எளிது. நிறைய விளையாட்டுகளுக்கு உதவும். இரண்டையும் தொடங்கியவர் ஒருவரே என்பது எனக்குப் பிடித்த செய்தி. டானின் என்ற புனைபெயரில் மோட் ஆர்கனைசரை எழுதியவரை நெக்ஸஸ் மோட்ஸ் வேலைக்கு அழைத்துக்கொண்டது. அங்கே அவர் வோர்டெக்ஸை உருவாக்கினார். அவர் விட்டுச் சென்ற மோட் ஆர்கனைசரைத் தன்னார்வலர்கள் சிலர் கையில் எடுத்து இன்றுவரை பராமரிக்கிறார்கள்.

வோர்டெக்ஸின் வழி வேறு. அதுவும் மோட்களைத் தனியிடத்தில்தான் வைக்கிறது. ஆனால் 'டிப்ளாய்' என்ற பொத்தானை அழுத்தும்போது டேட்டா ஃபோல்டருக்குள் ஹார்ட் லிங்க்குகளைப் போடுகிறது. ஒரே பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் இருப்பதில்லையா, அதைப் போல டிஸ்க்கில் இருக்கும் ஒரே ஃபைலுக்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர்கள். இடம் இரட்டிப்பாகச் செலவாகாது. 'பர்ஜ்' என்று அழுத்தினால் டேட்டாவில் உள்ள பெயர்கள் எல்லாம் நீங்கிவிடும், மோட்கள் தங்கள் இடத்தில் பத்திரமாக இருக்கும். ஹார்ட் லிங்க் ஒரே டிரைவுக்குள் மட்டுமே செல்லும். அதனால் விளையாட்டு டி டிரைவில் இருந்தால் வோர்டெக்ஸ் மோட்களைச் சேர்த்து வைக்கும் ஃபோல்டரும் டி டிரைவில்தான் இருக்க வேண்டும். வோர்டெக்ஸ் வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மேனேஜர்களை ஒரே விளையாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒன்றின் கணக்கு மற்றதற்குத் தெரியாது.

இனி வரிசை. இதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். மோட் ஆர்கனைசரின் திரையில் இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் ஒரு பட்டியல். இடப்பக்கம் மோட்கள். இரண்டு மோட்கள் ஒரே பெயரில் ஒரு படத்தை வைத்திருந்தால் பட்டியலில் கீழே இருப்பது ஜெயிக்கும். மேலே உள்ளதன் பக்கத்தில் சிவப்புக் கழித்தல் குறியோடு ஒரு மின்னல், கீழே உள்ளதன் பக்கத்தில் பச்சைக் கூட்டல் குறியோடு ஒரு மின்னல் தெரியும். தங்கை மகன் மரப்பலகைப் படம் கொண்ட மோட்டை மவுஸால் பிடித்து மேலே இழுத்தான். குறிகள் இடம் மாறின. கீழே இழுத்தான். மறுபடி மாறின. அன்று 'ஆம்' என்று அழுத்தியதும் காணாமல் போன அந்த ஃபைல், இப்போது தோற்றாலும் தன் ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது. அவன் அந்த மோட்டை நாலைந்து முறை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தான். நான் தடுக்கவில்லை.

வலப்பக்கம் இருப்பவை ப்ளகின்கள். இஎஸ்எம், இஎஸ்பி, இஎஸ்எல் என்று முடியும் ஃபைல்கள். ஊரில் எந்த இடத்தில் எது நிற்கிறது, யார் கையில் எந்த வாள், எந்தக் கதவைத் திறந்தால் எங்கே போகும் என்கிற கணக்கெல்லாம் இவற்றில்தான் இருக்கிறது. இங்கேயும் கடைசியில் வருவதுதான் செல்லும். மர மோட்டும் வீட்டு மோட்டும் ஒரே நிலத்தில் கை வைத்தால், கூரையைப் பிளந்துகொண்டு பைன் மரம் நிற்கும். அதைத் தீர்க்கத்தான் அந்த ஒட்டு ஃபைல். லூட் என்ற இலவசக் கருவி, தன்னார்வலர்கள் தொகுத்து வைத்த விதிகளைப் பார்த்து ப்ளகின்களை ஒழுங்கான வரிசையில் அடுக்கித் தரும், எந்த மாஸ்டர் இல்லை என்றும் சொல்லும். ஆனால் இடப்பக்கப் பட்டியலை அது தொடாது. எந்தப் படம் வேண்டும் என்பது உங்கள் ரசனை, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ப்ளகின்களுக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. 2011-ன் ஸ்கைரிமில் மூல ஃபைல்களையும் சேர்த்து 255. ஸ்பெஷல் எடிஷனில் ஓர் எண்ணைத் தனியே ஒதுக்கி, அதற்குள் 4096 சிறிய ப்ளகின்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது மோட் போடுபவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது சேவ் ஃபைலைப் பற்றி. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மோட் மேனேஜர் விளையாட்டின் ஃபைல்களைக் காக்கும். சேவ் அதன் கையில் இல்லை. நீங்கள் ஆட்டத்தைச் சேமிக்கும்போது, அந்த நேரத்தில் எந்தெந்த ப்ளகின்கள் இருந்தன, ஸ்கிரிப்டுகள் எனப்படும் சிறு நிரல்களில் எவையெவை ஓடிக்கொண்டிருந்தன என்பதெல்லாம் சேவுக்குள் பதிந்துவிடுகிறது. புல்லின் நிறத்தை மாற்றும் மோட், வாளுக்கு மெருகேற்றும் மோட், வானத்தை அழகாக்கும் மோட் போன்ற வெறும் படங்களை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், போடலாம். ஆனால் புதிய கதைகள், புதிய மனிதர்கள், பசி தாகம் உண்டாக்குபவை, வீடு கட்டித் தருபவை ஆகியவற்றை ஆட்டத்தின் நடுவில் எடுத்தால், சேவுக்குள் அவற்றின் எச்சம் தங்கிவிடும். சொந்தக்காரர் இல்லாத ஸ்கிரிப்டுகள் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். அன்றைக்கே எதுவும் தெரியாது. இருபது மணி நேரம் கழித்து ஏதோ ஒரு குகை வாசலில் விளையாட்டு உறைந்து நிற்கும், காரணம் பிடிபடாது.

ஆகவே பெரிய மோட் எதையும் போடுவதற்கு முன் ஒரு சேவ் போடுங்கள். அதற்கு மேல் எழுதாமல் தனியே வையுங்கள். மோட் பிடிக்கவில்லை என்றால், அதை எடுத்துவிட்டு அந்தப் பழைய சேவுக்கே திரும்பிப் போங்கள். இரண்டு மணி நேரம் ஆடியது வீணாகிறதே என்று தோன்றும். தோன்றினாலும் திரும்பிப் போங்கள். ஒரே நாளில் பத்து மோட்களைச் சேர்க்காதீர்கள். ஒன்றிரண்டு போட்டு, கொஞ்சம் நடந்து பார்த்து, பிறகு அடுத்தது. மோட் ஆர்கனைசரில் புரொஃபைல் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி மோட் பட்டியல், வேண்டுமானால் தனி சேவ்கள். சோதனைக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டால் ஓடுகிற ஆட்டத்துக்குத் தொந்தரவில்லை.

எந்த மேனேஜராலும் காப்பாற்ற முடியாத இன்னொரு சங்கதி, விளையாட்டுக்கு வரும் அப்டேட். ஸ்கைரிமில் பல நல்ல மோட்களுக்கு எஸ்கேஎஸ்இ என்ற துணைநிரல் தேவை. மெனுக்களைச் சீராக்கும் ஸ்கையூஐகூட அது இருந்தால்தான் ஓடும். அந்தத் துணைநிரல் விளையாட்டின் பதிப்பு எண்ணோடு மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். 2021 நவம்பரில் பத்தாம் ஆண்டு அப்டேட் வந்தபோது எஸ்கேஎஸ்இயை நம்பியிருந்த மோட்கள் கூட்டமாக நின்றுபோயின. பலர் அதன் பிறகும் 1.5.97 என்ற பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டார்கள். ஃபால்அவுட் 4 என்ற இன்னொரு விளையாட்டில், லண்டன் நகரத்தையே கட்டியெழுப்பிய 'ஃபால்அவுட் லண்டன்' என்ற பிரம்மாண்டமான மோட் 2024 ஏப்ரலில் வெளிவர இருந்தது. அதே வாரம் மூல விளையாட்டுக்குப் பெரிய அப்டேட் வந்ததால் அந்தக் குழு தள்ளிவைத்து, ஜூலை 25 அன்றுதான் வெளியிட முடிந்தது. ஸ்டீமில் 'நான் தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய்' என்று ஓர் அமைப்பு உண்டு. மோட் போட்டு ஆடுகிறவர்கள் அதைத் தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது.

மேனேஜர் காவல்காரரும் இல்லை. உள்ளே வைத்ததை ஒழுங்காக அடுக்கும், உள்ளே வருவது நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இதனால் ஆபத்து நேர்ந்தது. கர்ஸ்ஃபோர்ஜ் என்ற பெரிய மோட் தளத்தில் சில கணக்குகளைத் திருடர்கள் கைப்பற்றி, மோட்களுக்குள் ஃபிராக்சரைசர் என்று பெயர் பெற்ற நச்சு நிரலை வைத்துவிட்டார்கள். அது பிரவுசரில் சேமித்திருந்த லாகின் விவரங்களைத் திருடியது, கணினியிலிருந்த மற்ற மோட் ஃபைல்களுக்கும் தொற்றியது. மைன்கிராஃப்ட் மோட் ஒவ்வொன்றும் ஒரு முழு புரோகிராம் என்பதை நினைவில் வையுங்கள். மோட்டை அதை எழுதியவர் வெளியிட்ட இடத்திலிருந்து மட்டும் எடுங்கள். வேறு யாரோ மறுபதிவேற்றிய பிரதி வேண்டாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். அப்பா அம்மாவின் வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில்தான் பெரும்பாலான பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

சின்னப் பிள்ளைகள் தொடங்குவதற்கு ஸ்டார்டியூ வேலி நல்ல இடம். எரிக் பரோன் என்ற ஒற்றை மனிதர் உருவாக்கி 2016-ல் வந்த விவசாய விளையாட்டு. அதற்கு ஸ்மாபி என்ற கருவி. மோட் ஒவ்வொன்றும் 'மோட்ஸ்' ஃபோல்டருக்குள் ஒரு தனி ஃபோல்டராக இருக்கும். ஃபோல்டர் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் ஸ்மாபி அதைத் தாண்டிப் போய்விடும். புள்ளியை எடுத்தால் மறுபடி வரும். சேவ்களையும் அதுவே அவ்வப்போது பிரதி எடுத்து வைக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட ஒரு மாலையில் புரிந்துவிடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுக்கோ' என்று சொல்லாதீர்கள். எது எதை நம்பியிருக்கிறது, எதை எடுத்தால் எது விழும், மாற்றுவதற்கு முன் எதைப் பிரதி எடுக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கல்லூரியில் பாடமாகச் சொல்லித்தருவதை அவன் இங்கே கையால் செய்துகொண்டிருக்கிறான். அவனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: மோட் செய்தவருக்கு ஒரு நன்றி எழுதச் சொல்லுங்கள். ஊதியம் இல்லாமல் மாதக்கணக்கில் உழைத்தவர்கள் அவர்கள்.

மூன்றாம் இரவு சேவுக்கு வந்தோம். மோட் ஆர்கனைசரில் சேவ்களைக் காட்டும் பகுதி ஒன்று இருக்கிறது. ஒரு சேவின் மேல் மவுஸை வைத்தால், அந்த ஆட்டத்தின் படத்தோடு, இப்போது இல்லாத ப்ளகின்களின் பெயர்களும் வரும். நாங்கள் தேடிய பட்டியல் சேவுக்குள்ளேயே இருந்திருக்கிறது! டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பழைய ஜிப்கள் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டோம். போடப் போட அந்தப் பட்டியல் குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டு, ஏழு, மூன்று. இரண்டு மோட்களின் ஜிப்கள் இல்லை, புதிதாக டவுன்லோடு செய்தோம். கடைசியில், அணைத்து வைத்திருந்த ஒட்டு ஃபைலைத் தவிர, ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. அவன் பிடிக்கவில்லை என்று எடுத்த வீடு.

"இது இல்லாமலே திறந்து பார்க்கட்டுமா பெரியம்மா?"

அழுத்திப் பார்த்தான். அந்த ஒட்டு ஃபைலை அணைத்திருந்ததால் இம்முறை விளையாட்டு மூடிக்கொள்ளவில்லை. இந்த சேவ் நம்பியிருக்கும் சில இப்போது இல்லை, தொடரட்டுமா என்று கேட்டது. விரல் 'ஆம்' மேல் சற்று நின்றது. பிறகு 'இல்லை' என்று அழுத்திவிட்டு வெளியே வந்து, வீட்டை மறுபடி பட்டியலில் சேர்த்தான். ஒட்டு ஃபைலையும் அதற்குக் கீழே வைத்தான். லூட்டை ஒருமுறை ஓட்டினான்.

வைட்ரன் நகரத்துச் சத்திரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். அவனுடைய ஆள், நூற்று நாற்பது மணி நேரத்துக் காயங்களோடும் சேகரித்த வாள்களோடும், விட்ட இடத்திலேயே நின்றான். தங்கை மகன் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினான்.

போன வாரம் ஹாஸ்டலிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். ரிவர்வுட் ஆற்றங்கரை, அந்தி நேரம், மரங்களுக்கு நடுவே அந்த வீடு. ஜன்னலில் விளக்கு எரிகிறது. இந்த ஆட்டம் முடியும் வரை வீட்டை எடுக்கப் போவதில்லையாம், அடுத்த ஆளுக்கு வேறு புரொஃபைல் தயாராக இருக்கிறதாம். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "உள்ளே அலமாரி எல்லாம் அடுக்கிட்டேன் பெரியம்மா, பொங்கலுக்கு வரும்போது காட்டுறேன்."

அன்புடன்,
ஆசிரியர்